வடம் பிடிக்கும் தொண்டு

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடமுழுக்கு இனிது நிறைவேறிய இந்நாளில், திருத்தேரைப் பற்றிச் சில சொல்லுமாறு விழாக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். நம் கோயில் தேரும் பழுது நீக்கப்பெற்று வெள்ளோட்டத்திற்குக் காத்து நிற்கின்றது. ஆதலின் இது காலத்திற்கு ஏற்ற பொருளே.

விழாக்கள் பலவற்றுள் நாம் காண்போராகவே அமைந்துவிடுகின்றோம். பூசை புரிபவர் சிவாசாரியார், பண்ணிசைப்பவர் ஓதுவார், நாதசுரம் முழக்குபவர் மேளக்காரர். நாமோ கைகூப்பி நிற்பதோடு அமைகின்றோம். காண வந்தவனையும் தொண்டனாக்கும் நாள் தேர்த்திருநாள் ஒன்றே. ஊர் முழுதும் வீதியில் நின்று கண்டுகொண்டேயிருந்தால் தேர் ஓர் அடியும் நகராது.

தேர் என்றதும் நெஞ்சில் எழுவது திருவாரூர் ஆழித்தேர். அப்பரடிகள் தம் திருப்பாட்டிலே ஆழித்தேரைப் பெயர் சொல்லியே குறித்துள்ளார். அலங்கரித்து நிறுத்துங்கால் உயரம் 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். தியாகேசப் பெருமான் எழுந்தருளும் அப்பெருந்தேர் 1926-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. ஊரார் சோர்ந்துவிடவில்லை, புதிய தேர் செய்து 1930-இல் ஓடச் செய்தனர். பின்னர் 1948-ஆம் ஆண்டோடு அதுவும் நின்றது. 22 ஆண்டுகள் தேரோடும் வீதி தேரின்றிக் கிடந்தது! அக்காலத்துப் பிறந்த குழந்தை, தேரோட்டம் என்பதைப் பாட்டி வாய்க் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கும். 1970-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தாரின் உதவியால் இரும்பு அச்சும் சக்கரங்களும் தடைக்கருவியும் பொருத்தப்பெற்று, ஆழித்தேர் மீண்டும் வீதி கண்டது. பின்னிருந்து உந்துவதற்கு இயந்திர வண்டிகளும் வந்தன. இயந்திரம் வந்தபின் வடம் எதற்கு என்று வினவுவாரும் உளர். உந்துவது இயந்திரமேயாயினும் முன்னே வடம் நீள்கின்றது. அதனைப் பற்றப் பல்லாயிரம் கைகளும் நீள்கின்றன. அக்கைகளுக்காகவே விழா என்பது அடியேன் துணிபு.

இனி, தேர் ஓடும் முறையைச் சிறிது நோக்குவோம். மாட்டு வண்டியைப் போல் தேர் திரும்பாது, அச்சு அசையாதது. வடம் இழுப்போர் வலிமையைத் தருவரேயன்றி வழியைத் தாரார். வழியைத் தருபவர் சக்கரத்தின் அருகே குனிந்து ஓடும் சிலர். அவர்கள் கையிலுள்ளது முட்டுக்கட்டை. அதனை உருளும் சக்கரத்தின் கீழ் உரிய கோணத்தில் இட்டால் தேர் சிறிதே ஒதுங்கும். நேரே இட்டால் நிற்கும். வீதி முனையில் இரும்புத் தகடுகளைப் பரப்பி மசகு தடவி, சக்கரங்களை வழுக்கச் செய்து திருப்புவதும் உண்டு. தேர் பள்ளத்திற் பதிந்து நின்றுவிட்டால் பின்புறம் உலுக்கு மரம் இட்டு நெம்புவர். "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் பிறரைப் பழிக்கின்றோம். அக்கட்டை இல்லையேல் தேர் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறும் என்பதை எண்ணுவதில்லை! தேர்மேல் நிற்பவர் எல்லார் கண்ணிலும் படுவர். கட்டை இடுபவரை யாரும் காணார்.

வடத்தை யார் பற்றுவது என்னும் வினாவும் உண்டு. இதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. கும்பெனியார் ஆட்சிக் காலத்திலே, அதிகாரிகளின் ஆணையால் சிற்றூர் மக்களை வலிந்து கொணர்ந்து தேரிழுக்கச் செய்த வழக்கம் இந்நாட்டில் இருந்தது. கண்டனம் எழுந்தபின் அது நீங்கிற்று. பிற்காலத்திலோ விரும்பி வருவாரை விலக்கும் பூசல்கள் எழுந்தன. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியிலே வடம் பிடிக்கும் உரிமை குறித்து 1998-ஆம் ஆண்டு முதல் பிணக்கு நேர்ந்தது. இடையே சில ஆண்டுகள் ஓடிய தேர், பின்னர்ப் பழுதுற்று நெடுங்காலம் நின்று, புதிதாகச் செய்யப்பெற்று 2024-ஆம் ஆண்டிலேதான் வீதிக்கு வந்தது. விருப்பமில்லாதவனை இழுக்கச் செய்ததும், விருப்பமுடையவனைத் தள்ளி நிறுத்துவதும் தொண்டு ஆகுமா? சுந்தரர் திருத்தொண்டத் தொகை பாடியருளியது திருவாரூரிலே அன்றோ? அத்தொகையில் வேடரும் குயவரும் வண்ணாரும் அரசரும் அந்தணரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். வடம் அதனினும் குறுகியதா என்ன?

திருவாரூர்க்கு வேறொரு தேர்க்கதையும் உண்டு. மனுநீதிச் சோழன் மைந்தன் தேரூர்ந்து செல்கையில் ஆன்கன்று ஒன்று சக்கரத்தின் கீழ்ப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்டது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் எனச் சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பார். இதனைக் கேட்போர் அரசன் நீதியையே வியப்பர். அடியேனுக்கோ அந்தத் தேர்க்கால் மேலேயே கருத்துச் செல்கின்றது. இளவரசன் கொடியவன் அல்லன். கன்று துள்ளி வந்ததை அவன் காணவில்லை, அவ்வளவே. ஆழித்தேர் ஓடும் அதே நகரில் இக்கதை வழங்குவது காரணமின்றியன்று எனத் தோன்றுகின்றது.

2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் விடியுமுன், தஞ்சையை அடுத்த களிமேட்டிலே அப்பர் சதய விழாவில் நிகழ்ந்ததை நீவிர் மறந்திருக்கமாட்டீர்கள். வீதியுலா வந்த தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியிற் பட்டு 11 பேர் உயிர் நீத்தனர். சிறுவரும் அவருள் அடங்குவர். பத்தியில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அந்நிகழ்ச்சிக்குப் பின்னும், மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று கேளாமல் வடத்தில் கைவைப்பதை அடியேன் பத்தி என்று சொல்லத் துணியேன். சக்கரத்தை ஒட்டி நின்று கைப்பேசியிற் படம் பிடிக்கும் இளைஞரைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கின்றது. பெருமான் தேர்மேல் இருக்கின்றான். படம் எடுக்க எவ்வளவோ நேரம் இருக்கின்றது.

நம் தேர் சிறியது, வீதியும் குறுகியது. வடக்கு வீதி முனையில் கம்பிகள் தாழ்ந்து தொங்குகின்றன. அவற்றை வெள்ளோட்டத்திற்கு முன்னரே கழற்றித் தருமாறு மின்வாரியத்தாருக்கு விண்ணப்பம் எழுதப்பெற்றுள்ளது. வடத்திற்கு ஆள் குறையாது. ஆடவரும் மகளிரும் தனித்தனியே பற்ற இரண்டு வடங்கள் உள்ளன. குறைவது முட்டுக்கட்டைக்குத்தான். அத்தொழில் கைவந்த முதியவர் இருவரே நம்மூரில் எஞ்சியுள்ளனர். அவர்களிடம் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர் இன்று மாலைக்குள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டுகின்றேன். பயிற்சி நாளை காலை தேரடியில் தொடங்கும்.