பெயர் அழியுமுன் குறித்து வைப்போம்

பினாங்கு ஜாலான் சைனல் அபிடினில் யூதர் இடுகாடு ஒன்று உண்டு. முன்பு அந்தச் சாலைக்கே யூதர் சாலை என்றுதான் பெயர். சாலையின் பெயர் மாறியது. யூதக் குடும்பங்களும் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று போய்விட்டன. கடைசி அடக்கம் 2011-இல் நடந்தது. இருப்பவை நூற்றுச் சொச்சம் கல்லறைகள்தாம். ஆனாலும் அங்கே துயில்பவர்கள் யார் யார் என்று இன்றும் சொல்ல முடிகிறது. ரைமி சே-ரோஸ் என்ற ஆய்வாளர் அந்தக் கற்களைப் படித்து 2002-இல் கட்டுரையாகப் பதிவு செய்தார். ஆகப் பழைய கல் 1835-ஆம் ஆண்டுக்குரியது. குருமார் குலத்தாரின் கல்லறைகள் மட்டும் வாயிலருகே தனியே இருக்கின்றன. பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது, வரைபடமும் வேண்டும் என்பது இதனால்தான்.

இனி நம் பேராக்கிற்கு வருவோம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்து காஜா இடுகாட்டில் அவர்களுக்குக் கல்லறை உண்டு; ஆண்டுதோறும் அங்கே நினைவஞ்சலியும் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். அவர்கள் காலத்தில் பால்மரம் சீவிய நம்மவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள்? சயாம் மரண ரயில் கதையும் இதுதான். காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. உடன் மாண்ட தமிழருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

பல தோட்டங்களில் இடுகாட்டுக்கென்று தனி நிலப்பட்டா கிடையாது. தோட்டம் கைமாறினால் இடுகாடும் சேர்ந்தே போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வருகிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. நாலு இளைஞர்கள், ஓர் அளவு நாடா, கைத்தொலைபேசி போதும். வரிசைக்கு எண் கொடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். மங்கிய எழுத்தும் அப்போது தெரியும். கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், எழுத்தே உதிர்ந்துவிடும். ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய பெயர் பிழையாக இருந்தாலும் உள்ளபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கல்லே இல்லாத மண்மேடுகளையும் விட்டுவிடாதீர்கள்.

லயத்தில் வாழ்ந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள். எந்த மேடு யாருடையது என்று அவர்கள் காட்டுவார்கள். குறித்ததில் ஒரு பிரதி கோயில் நிர்வாகத்திடமும் இன்னொன்று மாவட்ட நில அலுவலகத்திலும் இருக்கட்டும். தோட்டம் விலை பேசப்படும் முன்பே இதைச் செய்யுங்கள்.