தெரிந்துகொண்டால் தெய்வம் கோபிக்காது

(‘பள்ளி வகுப்பில் உலகச் சமயங்களைக் கற்பிப்பது மாணவர்க்கு நன்மையா, குழப்பமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘நன்மையே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். “ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்ஜீப்ராவே மண்டையில ஏறலை. இதுல புத்தர், மகாவீரர், இயேசு, நபிகள் நாயகம் எல்லாரையும் சொல்லிக்கொடுத்தா பிள்ளை குழம்பிப் போகாதா?” என்று. நல்லா கைதட்டும் வாங்கினார்கள். அம்மா, இந்தக் கேள்வியை எந்த ஊர்ல வந்து கேட்கிறீங்க? சங்கரன்கோவில்ல! (கைதட்டல்)

இந்த ஊர்த் தலபுராணம் என்ன சொல்கிறது? சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். ஒருவன் சிவன்தான் பெரியவர் என்கிறான். இன்னொருவன் இல்லை, திருமால்தான் என்கிறான். வழக்கு கோமதி அம்மனிடம் போகிறது. அம்மன் உடனே தீர்ப்புச் சொன்னாளா? இல்லை. தவம் இருந்தாள். பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஒரே வடிவத்தைக் கண்டாள். அதுதானே ஆடித்தபசு! நடுவர் ஐயா, அம்மனே யோசித்துத் தீர்ப்புச் சொன்ன ஊர் இது. நீங்களும் பார்த்துச் சொல்லுங்க. (சிரிப்பு) இன்றைக்கும் இந்தக் கோயிலில் திருநீறும் கிடைக்கிறது, துளசித் தீர்த்தமும் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு வருகிற எவனாவது குழம்பி, வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறானா?

எதிரணி நண்பர் விடமாட்டார். “ஐயா, அது நம்ம வீட்டுக்குள்ள நடந்த சண்டை. அடுத்த வீட்டுச் சமாச்சாரம் நமக்கு எதுக்கு?” என்பார். சரி, இருபது கிலோமீட்டர் தள்ளிப் போவோம். கழுகுமலை. அடிவாரத்தில் முருகன். மலையிலே வெட்டுவான் கோயில். ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்து பாண்டியர் காலத்தில் செய்தது. அதே மலையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அங்கே பெண் துறவிகளே ஆசிரியராக இருந்திருக்கிறார்கள். கல்வெட்டு அவர்களைக் ‘குரத்தியர்’ என்கிறது. ஆனால் உல்லாசப் பயணம் போகிற நம்ம பையன் அந்தச் சிற்பத்தைப் பார்த்து என்ன கேட்கிறான்? “சார், இந்தச் சாமிக்கு ஏன் சார் டிரஸ் இல்லை?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். அவன்மேல் தப்பில்லை. எல்லாவற்றையும் துறந்தவர்கள் உடையையும் துறந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காத நம்மேல்தான் தப்பு.

நம்ம பக்கத்து மண்ணைப் பாருங்கள். எட்டயபுரத்து உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பிறகு கிறித்தவராகி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். இவற்றில் வருகிற நம்பிக்கைகள் என்னவென்று தெரியாமல், நூல் பெயரை மட்டும் இரண்டு மார்க்குக்குப் படிக்கிறதுக்குப் பேரு தமிழ்ப் படிப்பா?

இன்னும் பின்னால் போனால் மணிமேகலை. பெளத்தக் காப்பியம். ஆனால் சாத்தனார் என்ன செய்கிறார்? வஞ்சி நகரத்துக்கு அவளை அனுப்புகிறார். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, கடவுளே இல்லை என்கிற பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வைக்கிறார். இளம்பெண் என்றால் சொல்ல மாட்டார்கள் என்று துறவி வேஷத்தில் போய்க் கேட்கிறாள்! அதற்குப் பிறகுதான் காஞ்சியில் அறவண அடிகளிடம் தன் வழியைத் தேர்ந்துகொள்கிறாள். எல்லாரையும் கேட்டாள். குழம்பினாளா? தெளிந்தாள்! (கைதட்டல்)

“அரசியல் சட்டம் இடம் கொடுக்காது” என்றார் இன்னொரு நண்பர். 28ஆவது பிரிவைப் பாதி படித்துவிட்டு வந்திருக்கிறார். முழுக்க அரசு பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கிறது சட்டம். ‘இதை நம்பு’ என்று சொல்வது போதனை. ‘இவர்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்று சொல்வது பாடம். 1964 முதல் 1966 வரை இருந்த கோத்தாரி கல்விக் குழுவே இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னது. 2002இல் உச்ச நீதிமன்றமும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது தடை செய்யப்பட்டதல்ல என்று தீர்ப்பளித்தது.

“பிள்ளை மதம் மாறிட்டா?” என்கிறீர்கள். 2018இல் வந்த நம் மாநில ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் கன்பூசியஸ், லாவோட்சே, ஜொராஸ்டர், மகாவீரர், புத்தர் எல்லாரும் ஒரே பாடத்தில் வருகிறார்கள். அதைப் படித்துவிட்டு உங்க தெருவுல எத்தனை பேர் ஜொராஸ்டர் பக்கம் போயிட்டாங்க? (சிரிப்பு) அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மொடெஸ்டோ நகரில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் உலகச் சமயங்களைக் கட்டாயப் பாடமாக வைத்தார்கள். மாணவர்களை ஆராய்ந்து 2006இல் அறிக்கை வந்தது. பிறர் சமய உரிமையை மதிக்கும் எண்ணம் கூடியிருந்தது. தம் நம்பிக்கையை விட்டு விலகவில்லை.

ஆசிரியர் தன் சமயத்தைத் திணித்துவிட்டால்? இது நியாயமான பயம். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கணும். கண்ணில் தூசி விழும் என்று கண்ணையே மூடிக்கொண்டு நடக்கலாமா?

கடைசியாக ஒன்று. மணி அடிக்கப் பார்க்கிறார் நடுவர். ஒரு நிமிஷம் ஐயா.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவன் ஓர் இஸ்லாமியப் பையன். ஒருநாள் அம்மா கொடுத்துவிட்ட முறுக்கை நீட்டினேன். “வேண்டாம்லே” என்றான். தண்ணியாவது குடி என்றேன். அதுவும் வேண்டாம் என்றான். எனக்குக் கோபம். “எங்க வீட்டுப் பண்டம்னா இவனுக்கு ஆகாதாம்லே” என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் விளையாட்டு மைதானத்தில் வெயிலில் சுருண்டு உட்கார்ந்தான். அப்போதும் சிரித்தோம். பெருநாள் அன்று ஒரு தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். “நோன்புலே. அதான் அன்னிக்கு வாங்கலை” என்றான். வேறொரு வார்த்தை சொல்லவில்லை.

முப்பது நாள் அவன் பசியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரியவில்லை. நான் கெட்டவன் இல்லை ஐயா. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றைக்குப் பேராசிரியராக எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். அந்த வாசலில் மட்டும் இன்னும் தலை குனிந்துதான் நிற்கிறேன்.

என் பேரன் பேத்தியாவது அப்படி நிற்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஏன் பட்டினி இருக்கிறது, எதைக் கும்பிடுகிறது, எதற்கு அழுகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது. ஆகவே உலகச் சமயங்களைக் கற்பிப்பது நன்மையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, கோமதி அம்மன் சந்நிதி இருக்கும் திசையையும் கும்பிட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)