நீலப்பறவைக்கு ஒரு கூட்டுப்பெட்டி



வட அமெரிக்காவின் திறந்தவெளிகளில் வாழும் கிழக்கத்திய நீலப்பறவை பொந்தில் கூடு கட்டும் இயல்பினது. ஆயின் மரத்தைக் குடையும் வலிமை அதன் அலகுக்கு இல்லை. மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தே அதற்கு வீடு. பட்ட மரங்களும் பழைய வேலிக்கம்பங்களும் அகற்றப்பட்டபோது அவ்வீடுகள் அருகின. எஞ்சியவற்றிற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த இரு பறவைகள் போட்டியிட்டன. ஒன்று, 1851இல் புரூக்ளினில் விடப்பட்ட சிட்டுக்குருவி. மற்றொன்று, 1890இல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் விடப்பட்ட, மைனா குடும்பத்து ஸ்டார்லிங்.

இந்நிலைக்கு மாற்றாக அமைந்ததே கூட்டுப்பெட்டி. அதன் உயிர்நிலை வாயிலில் உள்ளது. ஒன்றரை அங்குல வட்டத் துளையில் நீலப்பறவை நுழையும். உடல் பருத்த ஸ்டார்லிங் நுழையாது. வாயிலின் முன் அமர்குச்சி கூடாது. அது பகைக்கே உதவும். மேலே காற்றுத் துளைகளும், அடிப்பலகையில் நீர் வடியும் துளைகளும் வேண்டும். பெட்டியை உலோகக் கம்பத்தில் நிறுத்தி, பாம்பும் ராக்கூனும் ஏறாவண்ணம் தகட்டுத் தடுப்பு அமைத்தல் நலம்.

எனினும், இந்திய முற்றங்களில் பரிவுடன் வரவேற்கப்படும் சிட்டுக்குருவி அங்கே அதே துளையில் நுழைந்து, குஞ்சுகளையும் தாயையும் கொத்திக் கொல்கிறது. துளையின் அளவால் மட்டும் அதனைத் தடுக்க இயலாது. எனவே ஒரு பக்கப் பலகை திறக்கத்தக்கதாய் இருத்தல் இன்றியமையாதது. வாரந்தோறும் திறந்து பார்த்து, குருவியின் கூட்டை அகற்ற வேண்டும். கவனிப்பாரற்ற பெட்டி பகைவனுக்குக் கட்டித் தந்த வீடாகிவிடும்.

1978இல் லாரன்ஸ் ஸெலனி நிறுவிய வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கம் இவ்வுண்மையை எங்கும் பரப்பிற்று. பொதுமக்களின் தொடர்ந்த உழைப்பால் நீலப்பறவைகள் மீண்டும் பெருகின. பெட்டி செய்வது ஒருநாள் பணி; அதைப் பேணுவதோ ஆண்டுதோறும் தொடரும் கடமை.