நம் தெரு எந்தக் கணக்கில் இருக்கிறது?



சங்கரன்கோவிலின் பின்கோடு 627756. முதல் மூன்று எண்கள் திருநெல்வேலிக்கு உரியவை. 2019 நவம்பரில் நாம் தென்காசி மாவட்டத்துக்கு வந்துவிட்டோம், எண் மாறவில்லை. மாற வேண்டியதும் இல்லை. 1972 ஆகஸ்ட் 15-இல் பிறந்த அந்த எண், கடிதம் வழி தவறாமல் போய்ச் சேர்வதற்காக வந்தது.

ஆட்களை எண்ணுவது வேறு கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஊரைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் ஏறக்குறைய 650 முதல் 800 பேர். பெரும்பாலும் ஓர் ஆசிரியரோ ஆசிரியையோ வெயிலில் நடந்து, வரைபடம் போட்டு, வீடு வீடாக எண் இடுகிறார். அந்த எண் நகராட்சியின் கதவு எண்ணாகவே இருக்கும் என்பதில்லை. அந்தத் தொகுதியின் எல்லைக்கும் தபால்காரர் கடிதம் கொடுக்கும் பகுதிக்கும் சம்பந்தமே கிடையாது.

இதனால் என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு தெருவில் டெங்கு வருகிறது. நோயாளியின் முகவரி மருத்துவமனையில் இருக்கிறது. அந்தத் தெருவில் எத்தனை வீடுகளில் குடிநீர் வீட்டுக்குள் வருகிறது, எத்தனை பேர் வெளியே போய்ப் பிடித்து வருகிறார்கள் என்பது கணக்கெடுப்பில் இருக்கிறது. முகவரிக்கும் தொகுதிக்கும் இணைப்புப் பட்டியல் இல்லாததால் இரண்டும் சேர்வதில்லை. நகரங்களில் கணக்கு பொதுவாக வார்டு அளவில்தான் வெளியாகிறது. வசதியான தெருவும் வறண்ட தெருவும் ஒரே வார்டில் இருந்தால், சராசரியில் வறண்ட தெரு மறைந்துபோகிறது. என் மனசு ஆறாத இடம் இதுதான்!

இங்கிலாந்தில் 2001 கணக்கெடுப்புக்கே அஞ்சல் குறியீடுகளைக் கூட்டிச் சேர்த்துத்தான் சிறு பகுதிகளை அமைத்தார்கள். அங்கே ஒரு குறியீடு சில வீடுகளுக்கானது. நம் பின்கோடோ பல ஊர்களுக்கானது. அதனால் அதே வழி நமக்கு ஒத்துவராது. அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின், நாட்டையே ஏறக்குறைய நாலு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. அது இடத்தைக் காட்டும். பழைய எண், புது எண், மாடியில் குடியிருக்கும் இன்னொரு குடும்பம் இதெல்லாம் அதற்குத் தெரியாது.

நம் விவரம் வெளியே போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. தனிவீட்டின் பதிலை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டு இருக்கட்டும். நான் கேட்பது, எந்தக் கதவு எண் எந்தத் தொகுதியில் என்ற பட்டியல் மட்டும்.

நகரங்களில் கணக்கெடுப்புப் பொறுப்பு பொதுவாக நகராட்சி ஆணையரிடம்தான் வருகிறது. சொத்துவரிப் பதிவேடும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் தொகுதி வரைபடத்தையும் சொத்துவரிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். உங்கள் நகர்மன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்; எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.