மண்சரிவை முன்னறிதல்



பாண்டிருப்பு கடலோர ஊர்; எங்களூரில் மலை இல்லை. எனினும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, முன்னறிவிப்பு எதுவுமின்றி வந்த ஆழிப்பேரலை எம்மவர் பலரைக் கொண்டு சென்றது. ஆதலால், அறிவிப்பின் அருமையை நாங்கள் நன்கறிவோம். மலைநாட்டு மண்சரிவை முன்கூட்டியே அறியும் முயற்சியைப் பற்றி இன்று நான் பேச விழைவதும் அதனாலேயே.

மலை ஏன் சரிகின்றது? சரிவின் செங்குத்து, பாறையின் அமைப்பு, அதன்மேற் படிந்த மண்ணின் தடிப்பு, நீர் வடியும் வழி, நிலத்தைப் பயன்படுத்தும் முறை முதலியன காரணங்களாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவற்றை ஆராய்ந்தே அபாய வரைபடங்களை ஆக்கியது. எக்காரணத்துக்கு எத்தனை புள்ளி என்பதை அறிஞர்கள் தம் அனுபவத்தால் வகுத்தனர்.

இயந்திரக் கற்றல் என்னும் முறையிலோ, அப்புள்ளிகளைக் கணினியே கண்டுகொள்கின்றது. முன்னர் சரிந்த இடங்களின் விவரங்களும், சரியாத இடங்களின் விவரங்களும் அதற்குக் கொடுக்கப்படுகின்றன. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அது பயில்கின்றது. பின்னர், அதற்குக் காட்டாது வைத்திருந்த இடங்களைக் கொடுத்துச் சோதிக்கின்றனர். செய்துகாட்டிய கணக்குகளால் மாணவனைப் பயிற்றி, காணாத கணக்கால் பரீட்சிப்பது போன்றது இது. பாடம் குறைவுற்றால் மாணவன் தவறுவான் அன்றோ? அவ்வாறே, பதிவேட்டில் ஏறாத பழைய சரிவு கணினிக்குச் சரியாத நிலமாகவே தோன்றும்.

எவ்விடம் என்பதை வரைபடம் உரைக்கும். எப்பொழுது என்பதை மழையே உரைத்தல் வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடக்கும் மழையே நம் நாட்டில் முதல்நிலை அறிவிப்புக்கு அளவுகோலாகும்.

ஆயின், அறிவிப்பு மட்டும் போதுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வரிசைகளை மண் மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வர வீடு இருக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானதென்று 2005லும் 2011லும் அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும், தோட்டத் தொழிலாளருக்குச் சொந்தக் காணி ஏது? எங்கே போவர்?

கடல் எங்களுக்கு ஒரு முறையேனும் அறிவிக்கவில்லை. மீரியபெத்தைக்கு இருமுறை அறிவிப்பு வந்தது, போக்கிடம் வரவில்லை. எனவே, கணினி அபாயமெனக் குறிக்கும் ஒவ்வொரு சரிவுக்கும் எதிரே, அங்குள்ளோர் குடியேறத்தக்க காணியொன்றும் அதே வரைபடத்திற் குறிக்கப்படுதல் வேண்டும். அன்றுதான் அவ்வறிவு உயிர்காக்கும் அறிவாகும்.