கனி கொய்வோரும் கன்று நடுவோரும்

மேலை நாடுகளில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் கனி கொய்யும் காலமாகும். அக்காலத்தில் நகரத்துக் குடும்பங்கள் பெற்றோரும் பிள்ளைகளுமாக அயலிலுள்ள அப்பிள் தோட்டங்களுக்குச் செல்கின்றன. தோட்டக்காரர் கூடையொன்றைக் கையில் கொடுத்து விடுகிறார். வந்தவர்கள் தாமே பறித்து, பறித்ததற்குரிய விலையைக் கொடுத்து வீடு திரும்புகின்றனர். அருகே பூசணி நிலமும் இருக்கும். ஒக்டோபர் 31 ஆம் நாள் இரவில் குடைந்து விளக்கேற்றுவதற்கென்று சிறுவர்கள் தமக்குப் பிடித்த காயைத் தேர்ந்தெடுத்துத் தூக்கி வருவர். பொழுதுபோக்குப் போலத் தோன்றினும் இஃது ஒரு கல்வியே. கனி பிறக்கும் இடம் கடையின் தட்டு அன்று, மரத்தின் கொம்பு என்பதை நகரத்துச் சிறுவன் அன்று கண்ணாரக் காண்கிறான்.

இலங்கையில் இலையுதிர் காலம் இல்லை. அப்பிள் மரம் செழித்துக் காய்ப்பதற்குக் குளிர்காலத்தில் நீண்டதோர் உறக்கம் வேண்டும். வெப்பம் மாறாத தாழ்நிலத்தில் அதற்கு அவ்வுறக்கம் கிட்டுவதில்லை. ஆயினும் கனி கொய்யும் காலம் என்பது இங்கும் உண்டு. அதனை இந்நாட்டிற்குத் தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அக்காற்றை முகத்தில் ஏற்கும் சப்பிரகமுவ மாகாணமே அந்தக் கனிவளத்தைக் காண்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. பெயரிலேயே மணிகளைத் தாங்கி நிற்கும் அந்நகரத்தின் புகழ் மண்ணுக்கு அடியிலுள்ள செல்வத்தால் வந்தது. மண்ணுக்கு மேலுள்ள செல்வமோ மழையால் வந்தது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரையில் கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் வீதியிலும், கேகாலை வழியாகக் கண்டிக்குச் செல்லும் வீதியிலும் பயணம் செய்வோர், றம்புட்டான் குலைகளும் மங்குஸ்தான் குவியல்களும் தூரியன் பழங்களும் வீதியோரத்தில் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்பர். வண்டியை நிறுத்தி வாங்குவோர் பலர். அக்குவியல் எந்த மரத்திலிருந்து இறங்கியது என்று கேட்டு, உள்ளே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடப்போர் சிலரே. அவ்வாறு நடப்போருக்குக் கிடைக்கும் இன்பமே வேறு.

மங்குஸ்தானை எடுத்துக்கொள்வோம். மலாய்த் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், கரும்பச்சை இலைகளோடு கூம்பு வடிவில் அடக்கமாக நிற்கும். இளம் பச்சையாக இருக்கும் காய் மெல்லச் சிவந்து, பின்னர் ஊதா நிறம் பெறும்போது பறிக்க வேண்டும். அதனை உலுக்கி விழுத்தலாகாது. தரையில் மோதிய இடத்தில் தோல் கல்லைப் போல் இறுகிவிடும். ஆகவே, நுனியில் சிறு பை கட்டிய கொக்கத்தடியால் ஒவ்வொன்றாகக் கொய்வர். பழத்தின் அடியில் சிறு பூவைப் போன்ற அடையாளம் ஒன்றுண்டு. அப்பூவின் இதழ்கள் எத்தனையோ, உள்ளே வெண்ணிறச் சுளைகளும் அத்தனையே. ஐந்து என்றும் ஆறு என்றும் சொல்லிவிட்டுப் பின்னர் உடைத்துப் பார்ப்பது சிறுவர்க்கு ஓயாத விளையாட்டு. தோலின் சாறு ஆடையிற் பட்டால் கறை எளிதில் போகாது என்பதையும் அவர்கள் அன்றே கற்றுக்கொள்வர்.

றம்புட்டானின் இயல்பு வேறு. மலாய் மொழியில் மயிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அதன் பெயர். அது மரத்தில் பழுத்தாலன்றிப் பழுப்பதில்லை. வாழைக்காயைப் போல் வீட்டில் வைத்துப் பழுக்கச் செய்யலாம் என்று எண்ணிக் காயாகப் பறித்தவர் ஏமாறுவர். பறித்த சில நாட்களில் அதன் செந்நிற மயிர்கள் கருகிவிடும். எனவே மரத்தடியில் நின்று உண்பவர் அறியும் சுவையைத் தொலைவிலுள்ள சந்தைக்காரர் முழுதும் அறியார். விதையிலிருந்து முளைத்த மரங்களுள் சில ஆண் மரங்களாகிக் காய்க்காமலே நின்றுவிடும். ஆதலால், நல்ல மரத்தின் அரும்பை ஒட்டிய கன்றுகளையே இக்காலத்தில் நடுகின்றனர். இலங்கையில் றம்புட்டானுக்குப் பெயர்பெற்ற மல்வானை கம்பஹா மாவட்டத்தில் உள்ளது. எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைகளைத் தழுவி இறங்கும் களனி கங்கையே மல்வானையின் கரையையும் நனைத்துச் செல்கிறது.

தூரியனைப் பறிக்க யாரும் முயல்வதில்லை. அது தானாகப் பழுத்துத் தானாக விழும். விழும் ஓசையைக் கேட்டுச் சென்று எடுத்து வருவர். முள் நிறைந்த அப்பழம் தலையில் விழுந்தால் உயிருக்கே கேடு. ஆதலால், பழுக்கும் காலத்தில் அம்மரத்தடியில் பிள்ளைகளை விளையாட விடுவதில்லை.

மாவனல்லைப் பகுதியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களை வெளிநாட்டார் பலர் சென்று பார்க்கின்றனர். அங்கும் கொய்தலின் நுட்பத்தைக் காணலாம். கராம்பை மலர்வதற்கு முன், அரும்பு சிவக்கத் தொடங்கும்போதே கிள்ள வேண்டும். மலர்ந்துவிட்டால் மதிப்பு இழந்துவிடும். மிளகுக் கதிரில் ஓரிரண்டு மணிகள் சிவந்தால் கதிர் முழுவதும் முற்றியது என்பது பொருள். சாதிக்காயோ தானே வாய் பிளந்து, உள்ளிருக்கும் செந்நிறப் பத்திரியைக் காட்டிய பின்னரே எடுக்கப்படும். ஒன்று மலருமுன், ஒன்று பிளந்த பின், ஒன்று விழுந்த பின் என்று ஒவ்வொரு மரமும் தனக்கென ஒரு காலத்தை வைத்திருக்கிறது. அக்குறிப்பை அறிந்து நடப்பவனே தோட்டக்காரன்.

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் கிராமத்து வீட்டுத் தோட்டங்களைப் பற்றியவை. பலா, கமுகு, கித்துள், மிளகு, கராம்பு, றம்புட்டான் என்று பலவகை மரங்களும் கொடிகளும் ஒன்றன் நிழலில் ஒன்று வளரும் தோட்டங்கள் அவை. அவற்றைக் கடந்து சற்று மேலே ஏறினால் வேறோர் உலகம் தோன்றும். அங்கே ஒரே மரம், ஒரே வரிசை, ஒரே இடைவெளி. 1876 ஆம் ஆண்டில் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதன்முதலாக வேரூன்றிய இறப்பர், பின்னர் கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் பெருந்தோட்டங்களாகப் பரவியது. அதனோடு தாழ்நிலத் தேயிலையும் வளர்ந்தது. அத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும் பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே.

இங்கே கொய்தல் என்பது விடுமுறை நாளின் இன்பமன்று; அன்றாட வாழ்வு. தேயிலைச் செடியில் ஏறத்தாழ ஏழு நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்க வேண்டும். தவறினால் கொழுந்து முற்றிவிடும். இறப்பரில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த வைகறையிலே. ஆதலால், பால்வெட்டும் தொழிலாளர் பொழுது புலரும்போதே மரத்தடிக்குச் செல்கின்றனர். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்ட இயலாது. வெட்டியபின் பெய்தால் சிரட்டையில் சேர்ந்த பாலை மழைநீர் கெடுத்துவிடும். மரத்துக்கு மழைமறைப்புக் கட்டும் முறை இருப்பினும் மழைக்காலத்தில் வேலை தடைப்படும் நாட்கள் உண்டு. எனவே ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். கிராமத்துத் தோட்டத்தில் கனியைக் கொண்டுவரும் அதே மழை, இறப்பர்த் தோட்டத்தில் கூலியைக் கொண்டுபோகிறது. அவ்வேளையில் வீட்டருகே ஒரு றம்புட்டான் மரம் நின்றால், அக்குடும்பத்திற்கு அஃது எவ்வளவு பெரிய துணையாகும்!

ஆனால் லயத்தருகே பெரும்பாலும் காணப்படுவது பூசணிக் கொடியே. காம்பராவின் பின்புறத்திலோ, கானின் ஓரத்திலோ உள்ள சிறு நிலத்தைக் கொத்தி, சாணமும் சாம்பலும் இட்டு, இரண்டு விதைகளை ஊன்றிவிடுவர். முதலில் ஆண் பூக்கள் பூக்கும். அடியிலே சிறு பிஞ்சைத் தாங்கிய பெண் பூக்கள் பின்னர் வரும். காலையில் விரியும் அப்பூக்களில் தேனீ வந்து சென்றால் பிஞ்சு நிலைக்கும்; இன்றேல் வெம்பி உதிரும். தளிரும் கறியாகும்; பூவும் கறியாகும். மூன்று நான்கு மாதங்களில் காய் முற்றும். காம்பு உலர்ந்து, தோலில் நகம் இறங்காத நிலை வந்ததும், காம்போடு சேர்த்து அறுத்து வைப்பர். அவ்வாறு வைத்த காய் பல வாரங்கள் கெடாது. மேலை நாட்டில் விளக்கேற்றும் பூசணி, இங்கே வேலையற்ற நாட்களில் உலையேற்றுகிறது.

அம்மக்கள் மங்குஸ்தானை நடாமல் பூசணியை நட்டது ஏன்? மண் ஒன்றே, மழையும் ஒன்றே. உழைப்பில் அவர்களுக்கு எவரும் நிகரில்லை. லயத்தருகே பழமரமே இல்லை என்பதும் அன்று. கொய்யாவும் முருங்கையும் நிற்கக் காணலாம். எனினும் விதையிட்ட மங்குஸ்தான் முதற்கனி தருவதற்கு எட்டு, பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். அதை நடுகிறவன், பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்த மண்ணில் இருப்போம் என்று நம்பி நடுகிறான். பூசணிக்கு அவ்வளவு நம்பிக்கை வேண்டியதில்லை. மூன்று மாதம் இருந்தால் போதும். ஆகவே ஒரு வீட்டின் அருகே என்ன வளர்கிறது என்பதைப் பார்த்தால், அவ்வீட்டார் நாளையைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதை ஒருவாறு அறியலாம்.

அந்நம்பிக்கை கிட்டாமைக்குக் காரணங்கள் வரலாற்றில் உள்ளன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது என 1974 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. தந்தை ஒரு நாட்டுக்கும் மணமுடித்த மகள் ஒரு நாட்டுக்குமாக உறவுகள் பிரிந்த காலம் அது. கப்பலேறும் கடிதம் எந்நாளில் வருமோ என்று காத்திருந்தவன் எவ்வாறு மங்குஸ்தான் கன்றை நடுவான்? எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கியது. நாடற்றோர் என்னும் சொல் அவ்வாண்டோடு நீங்கியதாயினும், நிலமற்றோர் என்னும் சொல் உடனே நீங்கவில்லை. லயமும் அதைச் சூழ்ந்த மண்ணும் தோட்டத்திற்கே உரியனவாக இருந்தன.

அண்மைக் காலத்தில், தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. லயங்களில் வாழ்வோர் இன்னும் பலராயினும், தொடக்கம் தொடக்கமே. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடிக்கு ஒரு வீடு அமைந்தால், எஞ்சுவது 1,350 சதுர அடி. வழிக்கும் முற்றத்திற்கும் இடம் விட்ட பின், 25 அடி குறுக்களவுக்குக் கிளை பரப்பும் ஒரு மரத்துக்கும், அதன் அருகே ஒரு சிறு மரக்கறிப் பாத்திக்கும் இடம் கிடைக்கும். பெருநிலக்காரர்க்கு இது நகைப்புக்குரிய அளவாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கான மரங்களைப் பிறருக்காக நட்டு வளர்த்த ஒரு குடும்பத்திற்கு, தன்னுடையது என்று சொல்லக்கூடிய அந்த ஒரு மரம் சிறியதன்று. நட்டவனே கொய்வதும், அவன் கொய்யாவிடினும் அவன் மக்கள் கொய்வதும் உறுதியாகும்போதே நிலம் ஊராகிறது.

நேயர்களே! கனிக்காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சப்பிரகமுவத் தோட்டங்களைக் காணச் செல்வது நல்ல செயல். பாடசாலைகளும் சுற்றுலாவுக்கெனக் குறித்த நாட்களுள் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். உரியவரின் அனுமதி பெற்று உள்ளே செல்ல வேண்டும், அவர் காட்டிய மரத்தில், காட்டிய முறையிலே பறிக்க வேண்டும், கிளையை ஒடித்தலாகாது. விலையில் பேரம் பேசுமுன், மரம் காய்ப்பதற்குக் காத்திருந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். மங்குஸ்தானின் இதழ்களை எண்ணும் பிள்ளை, மேலே மலையில் கொழுந்தெடுக்கும் கைகளையும், லயத்தருகே படர்ந்த பூசணிக் கொடியையும் கண்டு திரும்புமாயின், அச்சுற்றுலா புத்தகம் தராத பாடத்தைத் தந்துவிடும்.

திரும்பும் வழியில் நாற்று மேடை ஒன்றில் ஒட்டுக்கன்று ஒன்றையும் வாங்கலாம். தோட்டப் பாடசாலைகளில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கன்று கொடுத்து நடச் செய்யும் வழக்கம் தோன்றினால் அது மிக நன்று. ஐந்து வயதில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளை நட்ட மங்குஸ்தான், அப்பிள்ளை பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். தான் நட்ட மரத்தின் கனியைத் தன் கையாற் கொய்து தாய்க்குக் கொடுக்கும் பிள்ளைக்கு, இந்த மண் யாருடையது என்பதை வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.