சென்னைக்கு எத்தனை மணி நேரம்?



ஊரில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். "நாங்கள் வந்து முகம் பார்க்கும்வரை எடுக்காதீர்கள்" என்று இங்கிருந்து சொல்கிறோம். "எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்?" என்று அங்கே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர். மலாக்கா நீரிணை, சுமத்திராவின் வட முனைப் பக்கம், பிறகு வங்காள விரிகுடா என்று பெரும்பாலும் கடலின் மேல்தான் வழி. உயரே போனபின் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் மூன்றேகால் மணி நேரத்தையொட்டி வரும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது.

ஆனால் பயணச்சீட்டைப் பாருங்கள். காலை 9.00க்குப் புறப்பாடு என்றால், சென்னை சேர்வது 10.30 என்று இருக்கும். ஒன்றரை மணியில் பறந்துவிட்டதா? இல்லை. புறப்படும் நேரம் நம் கடிகாரப்படி; சேரும் நேரம் அவர்கள் கடிகாரப்படி. அவர்களுடையது நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே நான்கு மணி நேரத்தைக் கூட்டி, "ஒரு மணிக்கு இறங்குவோம்" என்று சொன்னால், அழைத்துப்போக வேண்டியவர்கள் அந்நேரத்துக்குத்தான் வருவார்கள். நாம் இரண்டரை மணி நேரம் வாசலில் நிற்போம்; அங்கே வீட்டில் சடலத்தை வைத்துக்கொண்டு உறவினர் காத்திருப்பார்கள்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது? பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ இருபத்தொன்றரைப் பாகை தள்ளி இருக்கின்றன. சூரியனை வைத்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசமே. மீதி ஒரு மணி நேரம் அரசாங்கங்கள் வைத்த கணக்கு. தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளினோம், சபா சரவாக்கோடு ஒன்றாக இருக்க. அதனால்தான் ஏழு மணிவாக்கில்தான் நமக்குப் பொழுது விடிகிறது. பெரட்டுக்கு இருட்டில் போகிறோம். "ஊருக்கு இரண்டு மணி வித்தியாசம்தானே" என்று சொல்லும் பாட்டிமாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அப்படித்தான் இருந்தது.

அவர்களுக்கு இந்தக் குழப்பமும் இல்லை. கப்பலில் போக ஒரு வாரம் அளவில் ஆகும். கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொள்ளலாம். 1985இல் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்தபின் அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றது.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். சென்னையில் இரவு 11.00க்கு ஏறினால், இங்கே மறுநாள் காலை 5.30க்கு இறங்குவோம். பறந்தது அதே நான்கு மணி நேரம்தான். ஆனால் இரவில் இரண்டரை மணி நேரம் போய்விடும். அன்று காலையே வேலைக்கு இறங்க நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நள்ளிரவு விமானத்தில் தேதியையும் கவனியுங்கள். சீட்டில் 20ஆம் தேதி 00.40 என்றிருந்தால், 19ஆம் தேதி சாயங்காலமே தோட்டத்தைவிட்டுப் புறப்பட வேண்டும். 20ஆம் தேதி இரவு போனால் விமானம் முதல் நாளே போயிருக்கும்.